காற்று வடிகட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க தெருவைப் பாருங்க!



மிக்சி வாங்கப் போனால் எத்தனை ஜார், எத்தனை வாட்ஸ், சர்வீஸ் எங்கே என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். புடவை எடுத்தால் முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பில் போடச் சொல்கிறோம். ஆனால் 'ஏர் ப்யூரிஃபயர்' என்கிற காற்று வடிகட்டி விஷயத்தில் மட்டும் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்துவிடுகிறோம். காரணம், காற்று கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லை. சுத்தமாச்சா, ஆகலையா என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இதில் ஏமாறுவதும் சுலபம்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். விஞ்ஞானம் எல்லாம் எனக்குப் பெரிசாகத் தெரியாது. ஆனால் ஒரு வருஷமாக இந்தப் பொருளைப் பற்றித் தெரிந்தவர்களைக் கேட்டு, படித்து, கடை கடையாக ஏறி இறங்கி, யோசித்து வாங்கினேன். அந்த விவரத்தை நாலு பேருக்குச் சொன்னால் உபயோகமாக இருக்குமே என்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு வடசென்னையில், திருவொற்றியூர் பக்கம். தெரு முனையைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையங்கள். அந்தப் பக்கம் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் மற்ற தொழிற்சாலைகளும். மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டை காயப் போட்டால் சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் பூத்திருக்கும். பெரியவர்கள் நாம் எப்படியோ பழகிவிட்டோம். என் மகளுக்கு எட்டு வயசு. வீசிங் தொந்தரவு. மாசத்தில் இரண்டு தடவையாவது நடு ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவோம்.

சீட்டு எடுத்த பணம் பதினைந்தாயிரம் கையில் இருந்தது. கம்மலை மாற்றலாம் என்று வைத்திருந்த பணம். "இதுல அந்த மிஷினை வாங்கிடலாமா?" என்று இவரிடம் கேட்டேன். என் மாமியார் குறுக்கே புகுந்து, "காத்தையும் காசு குடுத்து வாங்கற காலம் வந்துடுச்சாடி?" என்றார். "தண்ணியை கேன்ல வாங்க ஆரம்பிச்சப்பவும் இப்படித்தான் அத்தை கேட்டீங்க" என்றேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்கும் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எதிரி யார் என்று பாருங்கள்

டாக்டர் மருந்து எழுதும் முன் நாடி பார்க்கிற மாதிரி, மிஷின் வாங்கும் முன் உங்கள் ஊர்க் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' என்ற செயலியை போனில் இறக்கிக்கொண்டால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அளவு நிலையத்தின் கணக்கைப் பார்க்கலாம். சென்னையில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி போன்ற இடங்களில் நிலையங்கள் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்தால் போதாது.

அதில் வரும் எண் 50 வரை இருந்தால் நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் 500 வரை கடுமை. இது 2014-ல் அறிவித்த கணக்கு. பெரும்பாலும் 24 மணி நேரத்துச் சராசரி என்பதால், இன்று காலை உங்கள் வாசலில் ஐம்பது லாரி நின்று புகை கக்கியது அதில் உடனே தெரியாது. அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்த மாசு அதிகம் என்றும் போட்டிருப்பார்கள். நமக்கு முக்கியமானது அதுதான்.

பி.எம். 10 என்றால் 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள தூசி. ரோட்டு மண், கட்டட வேலைத் தூசி போன்றவை இதில் அதிகம் இருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பகுதி மாட்டிக்கொள்ளும்.

பி.எம். 2.5 என்றால் அதைவிட நுண்ணிய துகள். நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். டீசல் புகை, குப்பை எரிக்கிற புகை, நிலக்கரிப் புகை எல்லாம் இதில் வரும். இது நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும். வீசிங் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய வில்லன். நம் நாட்டில் 2009-ல் வகுத்த விதிப்படி, ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் இது 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவோ வெறும் 15. நம் செயலியில் 'திருப்தி' என்று வந்தாலும் நோயுள்ள பிள்ளைக்குத் திருப்தி என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, வாயுக்கள். கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, பெட்ரோல் ஆவி, அமோனியா என்று பல. இவை தூசி கிடையாது. தூசிக்கான வடிகட்டியில் நில்லாமல் நேராகப் போய்விடும்.

போன் இல்லாதவர்கள் இன்னொன்று செய்யலாம். ஜன்னல் விளிம்பை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மறுநாள் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசு என்று வந்தால் வண்டிப் புகைக் கரி. பழுப்பாக வந்தால் ரோட்டு மண். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தால் சாம்பலோ சிமென்ட்டோ. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெரிய தூசிதான். இருந்தாலும், அது எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் துணி காட்டிக் கொடுத்துவிடும்.

சல்லடை மாதிரி இல்லீங்க!

தூசிக்கு 'ஹெப்பா' வடிகட்டி. 1940-களில் அமெரிக்காவில் அணுகுண்டு வேலை நடந்தபோது, கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானதாம். 0.3 மைக்ரான் அளவுள்ள நூறு துகள் போனால் அதில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அசல் ஹெப்பா. 'எச் 13' என்று போட்டிருந்தாலும் நல்ல தரம்தான்.

அது ஏன் 0.3 என்று கணக்கு வைத்தார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். மாடி வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பையனிடம் கேட்டேன். "அக்கா, இது மாவு சலிக்கிற சல்லடை மாதிரி இல்லை. கண்ணுக்குத் தெரியாத நார்களால் ஆன காடு மாதிரி. பெரிய துகள் நேரே போய் நாரில் மோதி ஒட்டிக்கும். ரொம்பச் சின்னத் துகள் நிலைகொள்ளாம அங்கேயும் இங்கேயும் ஆடிக்கிட்டே போறதால அதுவும் எங்கேயாவது ஒட்டிக்கும். நடுவுல இருக்கிற 0.3 தான் தப்பிக்கப் பார்க்கும். அதையே பிடிச்சுட்டா மத்ததைப் பத்திக் கவலை இல்லை" என்றான். எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டான் பாருங்கள்!

ஆனால் அட்டைப் பெட்டியில் 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். நெய் போன்றது என்றால் அது நெய்யா?

வாடைக்குக் கரி

வாயுவுக்கும் வாடைக்கும் 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்கிற பதப்படுத்திய கரி வேண்டும். வாயு அந்தக் கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். இதில்தான் கடைகளில் கண்கட்டு வித்தை நடக்கிறது. பல மிஷின்களில் கரித்தூள் தடவிய மெல்லிசு ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்துவிட்டு 'கார்பன் வடிகட்டி' என்கிறார்கள். அது சீக்கிரமே நிறைந்துவிடும். பிறகு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். வடிகட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குருணைக் கரி தேன்கூட்டில் நிறைத்த மாதிரி இருக்கிறதா, கையில் எடுத்தால் கனக்கிறதா என்று பாருங்கள். கரியின் எடைதான் அதன் ஆயுசு.

நம்ம கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் ஏறினால் கரியின் வேலை குறையும். இன்னொன்று, அமோனியாவை சாதாரணக் கரி சரியாகப் பிடிக்காது. கார்பன் மோனாக்சைடை எந்த வீட்டு மிஷினும் பிடிக்காது. அதனால் மூடிய அறைக்குள் அடுப்புக் கரி மூட்டிவிட்டு, மிஷின் ஓடுகிறதே என்று தைரியமாகத் தூங்கிவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தது நினைவிருக்கும். கண் எரிந்து, மூச்சு முட்டிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்த மாதிரி சமயத்தில் மிஷினை நம்பி உள்ளே உட்காரக் கூடாது. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போவதுதான் வழி.

அறைக்கு எவ்வளவு? ஒரு மனக்கணக்கு

மிஷின் ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பதற்கு 'சி.ஏ.டி.ஆர்.' என்று பெயர். கடையில் இந்த எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு தேவை என்று நோட்டில் போட்டுப் பாருங்கள்.

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்குங்கள். எங்கள் படுக்கை அறை 12 அடி, 10 அடி, உயரம் 10 அடி. பெருக்கினால் 1,200. அதை 35-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். ஏறக்குறைய 34. அறைக் காற்று முழுக்க ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவையாவது மிஷினுக்குள் போய் வர வேண்டும் என்கிறார்கள். 34-ஐ ஐந்தால் பெருக்கினால் 170. ஆக, எங்கள் அறைக்குக் குறைந்தது 170 சி.ஏ.டி.ஆர். வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் எண், மிஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு எடுத்தது. முழு வேகத்தில் ஓடினால் மழைக்காலத்து ஃபேன் மாதிரி இரைச்சல். பிள்ளை தூங்காது. 'இரவு' பொத்தானை அழுத்தினால் சத்தம் அடங்கும், ஆனால் சுத்தம் செய்வதும் பாதிக்குக் கீழே போய்விடும். அதனால் தேவைக்கு ஒன்றரை மடங்கு பெரிசாக வாங்கி, நடு வேகத்தில் ஓடவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். நான் 250 உள்ளதாக எடுத்தேன்.

கடைக்காரர் "300 சதுர அடி ஹாலுக்கே போதும் மேடம்" என்பார். எத்தனை தடவை காற்று மாறும் கணக்கில் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு கடையில் நான் இப்படிக் கேட்டதும், அந்தத் தம்பி ஊதுவத்தியைக் கொளுத்தி மிஷின் முன்னால் பிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமாகிவிட்டது. "பாத்தீங்களா?" என்றார். மிஷினின் மூக்குக்கு நேரே பிடித்த புகையை மிஷின் இழுத்துக்கொள்வதில் என்ன அதிசயம்? அறையின் அந்த மூலையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதானே கேள்வி!

இவற்றை நம்பாதீர்கள்

'அயனி', 'ஓசோன்' என்று சொல்லி விற்பவை: ஓசோன் வானத்தில் மேலே இருந்தால் நமக்குக் குடை. வீட்டுக்குள் வந்தால் நுரையீரலுக்கு எரிச்சல். அயனி பொத்தான் தனியாக இருந்தால் அதை அணைத்தே வையுங்கள். வீசிங் உள்ள வீட்டில் ஓசோன் மிஷினே வேண்டாம்.

செடிகள்: மணி பிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்கள். 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து கிளம்பிய பேச்சு இது. 2019-ல் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டதில், ஜன்னல் வழியே தானாக வந்து போகிற காற்று செய்கிற வேலையைச் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்று தெரிந்ததாம். அழகுக்குச் செடி வையுங்கள். காற்றுக்கு என்று வைக்க வேண்டாம்.

ஏ.சி.: ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அதில் உள்ள வலை பஞ்சையும் பெரிய தூசியையும்தான் பிடிக்கும்.

ஊருக்கு ஊர் வேறே!

என் நாத்தனார் டெல்லியில் இருக்கிறார். தீபாவளி தொடங்கி ஜனவரி வரை அங்கே எண் 300, 400 என்று ஏறும். பனிக்காலத்தில் காற்று அசையாமல் நிற்பதால் புகை தரையோடு தங்கிவிடும். அங்கே நுண்துகள்தான் முதல் எதிரி. பெரிய சி.ஏ.டி.ஆர்., தடிமனான ஹெப்பா, ஜன்னல் இடுக்கை அடைப்பது, இவை மூன்றும் வேண்டும். அந்த நாலு மாசத்திலேயே வடிகட்டி கறுத்துவிடும் என்கிறார்.

அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும். அங்கே பெரிய தூசி அதிகம். கழுவி மாட்டக்கூடிய முன்வலை உள்ள மிஷின் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் விலை உயர்ந்த ஹெப்பா சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்கு அருகில் இருப்பவர்களுக்கு அமோனியா வாடைதான் தொல்லை. சாதாரண மிஷின் அதற்குப் பயன்படாது. அமோனியாவுக்கென்றே பதப்படுத்திய கரியா என்று கேட்டு வாங்க வேண்டும்.

எங்களைப் போல வடசென்னையில் இருப்பவர்களுக்குத் துகளும் வாடையும் சேர்ந்தே வருகின்றன. அதனால் முன்வலை, ஹெப்பா, குருணைக் கரி மூன்றும் உள்ளதாகப் பார்த்தேன். ஊரிலேயே காற்று நன்றாக இருக்கிறதா? வீட்டைச் சுற்றி வயலும் தோப்புமா? உங்களுக்கு மிஷினே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும். கொடுத்து வைத்தவர்கள் நீங்கள்!

மிஷின் மட்டும் போதுமா?

போதாது. வீட்டுக்குள்ளேயே நாம் உண்டாக்கும் புகையை முதலில் நிறுத்த வேண்டும். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள், 75 முதல் 137 சிகரெட் புகைத்தால் எவ்வளவு நுண்துகள் வருமோ அவ்வளவு வருகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஜன்னலைச் சாத்தி, சுருளைக் கொளுத்தி, மிஷினையும் போட்டால் யாருக்கு லாபம்? எங்கள் வீட்டில் கொசுவலை கட்டிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது மாமியாரின் வழக்கம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துப் போடுகிறோம். சாயங்காலம் அவள் வருவதற்குள் புகை போய்விடுகிறது. அவருக்கும் திருப்தி, பிள்ளைக்கும் நிம்மதி.

சமையல் புகைக்கு இந்த மிஷினை வைக்காதீர்கள். தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் ஹெப்பா அவ்வளவுதான். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன்தான் சரி. வீட்டைப் பெருக்கும்போது பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள். உலர்ந்த துடைப்பத்தைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல். சுவரில் பூஞ்சை பிடித்திருந்தால் முதலில் ஒழுகலைச் சரி செய்யுங்கள்.

மிஷினைச் சுவரோடு ஒட்டியோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைக்காமல், ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். ஈரத் துணி காய்கிற அறையில் வேண்டாம். முன்வலையை வாரம் ஒரு தடவை கழுவிக் காயவைத்து மாட்டலாம். ஹெப்பாவை மட்டும் கழுவவே கூடாது. அந்த நார்க்காடு தண்ணீர் பட்டால் வீணாகிவிடும். மிஷின் ஓடும் அறைக் கதவு சாத்தியே இருக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்கச் சாத்தி வைத்தாலும் மூச்சு முட்டும். மிஷின் தூசியைத்தான் எடுக்கும், புதுக் காற்று தராது. பனிக்காலத்தில் விடியற்காலையில் புகை தரையோடு நிற்கும். வெயில் ஏறிய பிறகு, லாரி குறைவான நேரமாகப் பார்த்து ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். போகி விடியலில் மட்டும் திறக்கவே வேண்டாம். 2018 போகியன்று புகை மூடி, சென்னையில் விமானங்களே தாமதமாயின.

செலவைச் சொல்லாமல் விட்டால் எப்படி? எங்கள் மிஷின் 9,500 ரூபாய். மாற்று வடிகட்டி 2,200. வாங்கும்போதே இதைக் கேளுங்கள். மிஷின் மலிவாக இருக்கும், வடிகட்டி யானை விலை சொல்வார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த வடிகட்டி கிடைக்குமா என்றும் கேளுங்கள். 3,000 மணி நேரம் உழைக்கும் என்றால், ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு வருஷம் வரும். தூசி அதிகமான ஊரில் அதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டியிருக்கும். கரன்ட் செலவு பயப்படும்படி இல்லை. 40 வாட்ஸ் மிஷின் தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 24 யூனிட்.

இவ்வளவு வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது? 2020-ல் கொரோனா சமயத்தில் கோர்சி, ரோசந்தால் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு வழி சொன்னார்கள். நல்ல தரமான நாலைந்து சதுர வடிகட்டிகளைப் பெட்டி மாதிரி சேர்த்து ஒட்டி, மேலே ஒரு சதுர ஃபேனை வைத்தால் அதுவே வடிகட்டி மிஷின்! கைவேலை தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முயன்று பார்க்கலாம். சந்து இடுக்கில்லாமல் டேப் ஒட்டுவதுதான் முக்கியம்.

பலன் இருந்ததா?

மாடி வீட்டுப் பையன் தன் கல்லூரியிலிருந்து நுண்துகள் அளக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொண்டு வந்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு அறையில் 78 காட்டியது. கதவைச் சாத்தி மிஷினைப் போட்டோம். அரை மணி நேரத்தில் 19. ஜன்னலைத் திறந்தோம். கால் மணி நேரத்துக்குள் மறுபடி 60-ஐத் தாண்டிவிட்டது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இத்தனையும் உள்ளாரதான் போய்க்கிட்டு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நாலு மாசம் ஆகிறது. இந்த நாலு மாசத்தில் நடு ராத்திரி ஆட்டோ பிடித்தது ஒரே ஒரு தடவை. எல்லாம் மிஷினால்தான் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் கொடுத்த இன்ஹேலரையும் ஒரு நாள் விடாமல் கொடுக்கிறோம். "மிஷின் வந்துடுச்சுன்னு மருந்தை நிறுத்தினீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சகோதரிகளே, இதை மறக்கவே கூடாது.

இனி என் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். காற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு மட்டும் நான் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளை சுவாசிப்பதை வாங்க முடியவில்லை. துறைமுகத்தில் லோடு கணக்கு எழுதுகிற என் வீட்டுக்காரர் நாள் முழுக்கச் சுவாசிப்பதையும் வாங்க முடியவில்லை. அந்த லாரி ஓடினால்தான் எங்களுக்குச் சோறு என்பதும் உண்மை. லாரியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நிலக்கரியையும் சாம்பலையும் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போகட்டும். நிற்கும்போது இன்ஜினை அணைக்கட்டும். ரோட்டுத் தூசியைத் தண்ணீர் தெளித்துக் கூட்டட்டும். குப்பையைத் தெருவில் கொளுத்தாமல் இருக்கட்டும். இதற்கெல்லாம் எந்தக் குடும்பமும் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, இதையெல்லாம் எழுதி வார்டு கவுன்சிலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். செயலியில் வரும் எண்ணைத் தினமும் காலண்டரில் குறித்தும் வருகிறோம். எங்கள் தெருவில் ரோட்டுத் தண்ணீர் வண்டி இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறது. மற்றவற்றுக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறோம்.

உங்கள் தெருவில் காற்று எப்படி? என்ன செய்தீர்கள்? இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஓர் இல்லத்தரசி, திருவொற்றியூர்